"பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?" கிழக்கு ஜெர்மனியில் இந்தக் கேள்வி ஏன் எழுவதில்லை?

மதுரா (லைப்சிக்)

வணக்கம். மேற்கு ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு நான்கு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் கிழக்கே லைப்சிக் வந்தேன். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன்.

மகன் பிறந்து பதினான்காம் மாதம் நான் வேலைக்குத் திரும்பியபோது, டோர்ட்முண்டில் மேல்வீட்டு அம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தி, "இவ்வளவு சீக்கிரமா? பிள்ளை பாவமில்லையா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். என் கையிலிருந்த பைகளை மேலே தூக்கிவந்து தந்தவரும் அவரே. ஆனால் அந்தக் கேள்வி பல மாதங்கள் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. என் கணவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

லைப்சிக்கில் மகளை அவளுடைய பன்னிரண்டாம் மாதத்தில் காப்பகத்தில் சேர்த்தேன். பதிவு செய்த பெண்மணி கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் முழுநேர வேலையா, முப்பது மணி நேரமா?" படிவத்தில் எழுதினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்து டிராமுக்காக நின்றபோது அழுகை வந்துவிட்டது.

ஜெர்மன் மொழியில் 'ராபென்முட்டர்' என்றொரு வசைச்சொல் உண்டு. அண்டங்காக்கைத் தாய் என்று பொருள், அதாவது குஞ்சைக் கூட்டில் விட்டுவிட்டுப் பறந்துபோகிறவள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதன் பொருள் புரியவே சில நாள் ஆனது. மேற்கில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இங்கே ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

1990 அக்டோபர் 3 அன்று இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. சட்டம், நாணயம், தொலைக்காட்சி எல்லாம் ஒன்றாகி ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகிவிட்டது. இந்த ஒரு விஷயம் மட்டும் ஏன் இன்னும் இரண்டாக இருக்கிறது? பழைய கிழக்கு ஜெர்மனியின் சோசலிச அரசின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆனால் பெண்கள் விஷயத்தில் அது சரியாக நடந்துகொண்டது என்றே நினைக்கிறேன். அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

வானதி (பெர்லின்)

மதுரா அக்கா, முதலில் சட்டத்தைப் பார்க்கலாம்.

கிழக்கின் 1949 அரசியலமைப்பு ஆணும் பெண்ணும் சமம் என்றதோடு, அதற்கு முரணான சட்டங்கள் செல்லாது என்றும் சொல்லிவிட்டது. மேற்கின் அடிப்படைச் சட்டத்திலும் அதே ஆண்டு சம உரிமை வாசகம் இடம்பெற்றது. எலிசபெத் செல்பெர்ட் என்ற வழக்கறிஞர் போராடித்தான் அதைச் சேர்க்கவைத்தார். ஆனால் 1977 வரை மேற்கின் குடும்பச் சட்டம், குடும்பக் கடமைகளுக்கு ஊறு வராத அளவில்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்றது. அந்தக் காலத்தில் வளர்ந்த பெண்கள் இன்று பாட்டிமார். உங்கள் மேல்வீட்டு அம்மாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

1989 வாக்கில் கிழக்கில் வேலை செய்யும் வயதுப் பெண்களில், படிப்பவர்களையும் சேர்த்து, சுமார் 90 விழுக்காட்டினர் வேலையில் அல்லது பயிற்சியில் இருந்தார்கள். மேற்கில் பாதியைச் சற்றுத் தாண்டிய அளவுதான்.

ஆனால் "சரியாக நடந்துகொண்டது" என்பதை நான் ஒப்பமாட்டேன். மாதம் ஒருநாள் சம்பளத்தோடு 'வீட்டுவேலை நாள்' என்று விடுப்புக் கொடுத்தார்கள். 1952-இல் மணமான பெண்களுக்கு என்று தொடங்கி, பிறகு தாய்மாருக்கும், 1977-இல் நாற்பது கடந்த தனித்த பெண்களுக்கும் விரிந்தது. ஆண்களில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், மனைவி நோயுற்றவர் போன்ற சிலருக்கு மட்டுமே கிடைத்தது. சன்னல் துடைப்பதும் துணி வெளுப்பதும் பெண்ணின் வேலை என்று அரசே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இதை எப்படிச் சமத்துவம் என்பது?

கதிரவன் (ஸ்டுட்கார்ட்)

சகோதரி மதுராவின் வருத்தம் புரிகிறது. அப்படிக் கேட்டது தவறுதான். ஆனாலும் நான் மாறுபடுகிறேன்.

அங்கே 'வாரக் காப்பகம்' என்று ஒன்று இருந்தது. திங்கள் காலை பிள்ளையை விட்டுவிட்டு வெள்ளி மாலை, சில இடங்களில் சனிக்கிழமைதான் கூட்டிவர முடியும். பிறந்து ஆறு வாரமான கைக்குழந்தைகள்கூட அதில் இருந்தார்கள். அப்படி வளர்ந்தவர்கள் இன்று ஐம்பது அறுபது வயதில், யாரையும் நெருங்கவிட முடியாத துன்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆய்வாளர்களும் இப்போதுதான் அதைக் கவனிக்கிறார்கள்.

அந்த அரசுக்குப் பெண் விடுதலையில் அக்கறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. போரில் ஆண்கள் மடிந்தார்கள். 1961-இல் பெர்லின் சுவர் எழும்பும்வரை இலட்சக்கணக்கானோர் மேற்குக்கு ஓடினார்கள். ஆலைக்குக் கை தேவைப்பட்டது, அதனால் தாயை வீட்டிலிருந்து எடுத்தார்கள். என் மனைவி மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்தார். அது அவருடைய முடிவு. அதற்காக அவரை யாராவது பிற்போக்கு என்றால் நான் சண்டைக்கு வருவேன்.

சுந்தரம் (சென்னை)

நான் 1984 முதல் 1988 வரை டிரெஸ்டனில் பொறியியல் படித்தவன். வயது எழுபதை நெருங்குகிறது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பட்டறைப் பொறுப்பாளர் ஒரு பெண். கடைசல் இயந்திரத்தில் அவர் கை வைத்தால் நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்போம். என்ன வேலை என்று யாராவது கேட்டால், பெண்பால் விகுதி சேர்க்காமல் ஆண்பாலிலேயே "நான் இஞ்சினியர்" என்பார். அங்கே பல பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். தமிழில் பொறியாளர் என்றால் இருபாலுக்கும் பொது என்பதால் எனக்கு அது வெகுநாள் உறைக்கவே இல்லை. பிறகு மேற்கு ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தபோது அவர் திகைத்ததைப் பார்த்துத்தான் கவனித்தேன்.

ஆனால் படி ஏற ஏறப் பெண்கள் குறைந்தார்கள். என் துறையின் பேராசிரியர்கள் அத்தனை பேரும் ஆண்கள். நாட்டை ஆண்ட கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவில் நாற்பது ஆண்டுகளில் ஒரு பெண்கூட முழு உறுப்பினர் ஆனதில்லை. வாக்குரிமை இல்லாத வேட்பு உறுப்பினர்களாகச் சிலரை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மார்கோட் ஹோனக்கர் 1963 முதல் 1989 வரை கல்வி அமைச்சர், அதுவும் நாட்டின் தலைவருடைய மனைவி. அவரும் அந்த மேசையில் அமர்ந்ததில்லை.

மார்ச் 8 மகளிர் நாளன்று ஆண்கள் நாங்கள் காப்பி போட்டு, கேக் வெட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு கார்னேஷன் பூக் கொடுப்போம். மகிழ்ச்சியான நாள். மறுநாள் காலை நான் கொஞ்சம் முன்னதாகப் போனபோது, அந்தப் பொறுப்பாளரும் இன்னொரு பெண்ணும் தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதில் என் கோப்பையும் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக அது என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

மதுரா, உங்கள் இல்லத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் இருப்பார்களே. வீட்டுவேலை நாளில் அவர்களுடைய கணவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டுச் சொல்வீர்களா?

மதுரா (லைப்சிக்)

கேட்கிறேன் ஐயா.

கதிரவன், உங்கள் மனைவியின் முடிவை யாரும் குறை சொல்லக்கூடாது. நானும் சொல்லமாட்டேன். வாரக் காப்பகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கை நின்றுவிட்டது. காரணம் சொல்கிறேன். எங்கள் இல்லத்தில் எண்பத்து நான்கு வயது அம்மா ஒருவர் இருக்கிறார். (அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியும்படி எதுவும் சொல்லவில்லை.) இந்த நகரின் மேற்கே ஒரு நூற்பாலையில் மூன்று ஷிப்டுகளிலும் வேலை செய்தவர். மூத்த மகளை இரண்டு ஆண்டுகள் வாரக் காப்பகத்தில் விட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கூட்டிவரப் போனால், பிள்ளை அங்கிருந்த தாதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இவரிடம் வர மறுக்குமாம். "அவள் என்னிடம் பழகி முடிப்பதற்குள் திங்கள் வந்துவிடும்" என்றார். சொன்னபோது அவர் அழவில்லை. போர்வையின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஷிப்டை ஒதுக்கியவரும் அந்தக் காப்பகத்தைக் காட்டியவரும் ஆண் அதிகாரிகள். குற்ற உணர்வை மட்டும் அறுபது ஆண்டுகளாக இவர் ஒருவரே சுமக்கிறார். அந்தப் பிள்ளைக்கு ஓர் அப்பாவும் இருந்தார். இரவு ஷிப்டு இல்லாத வேலைதான் அவருக்கு. அவர் மாலையில் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை.

வாரக் காப்பகம் கொடுமை என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அதிலிருந்து "தாய் வீட்டில் இருந்திருக்க வேண்டும்" என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

அருள்மொழி (ரோஸ்டாக்)

எல்லோரும் ஜெர்மானியப் பெண்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம். நான் வேறு சிலரை நினைவூட்ட வேண்டும்.

1980-இல் வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். 1989-இல் அவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். கணிசமானோர் பெண்கள், தையல் ஆலைகளில் வேலை செய்தவர்கள். விடுதியில் ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர் இடம். அவர்களில் ஒருத்தி கருவுற்றால் கருவைக் கலைக்க வேண்டும், இல்லையென்றால் விமானத்தில் ஊருக்கு. 1989 தொடக்கத்தில்தான் இந்த விதி தளர்ந்தது.

தன் குடிமக்களுக்குப் பிள்ளை பெற்றால் கடனில் தள்ளுபடி, வீடு, ஓராண்டு ஊதிய விடுப்பு எல்லாம் கொடுத்த அதே அரசுதான் இதையும் செய்தது. 1972-இல் பன்னிரண்டு வாரத்துக்குள் கருக்கலைப்பு பெண்ணின் முடிவு என்று அது சட்டம் போட்டது. நல்ல சட்டம். ஆனால் வியட்நாமியப் பெண்ணுக்கு அதே அறுவை அறையில் முடிவெடுக்கும் உரிமை இல்லை.

சுவர் விழுந்த பின் அவர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள். 1992 ஆகஸ்டில் எங்கள் நகரின் லிக்டன்ஹாகன் பகுதியில் அவர்கள் வசித்த கட்டடத்துக்குத் தீ வைத்தபோது, சுற்றி நின்று ஆயிரக்கணக்கானோர் கைதட்டினார்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்த நம் ஆட்களும் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லின் வழியே ரயிலேறித்தான் மேற்கே போய் அடைக்கலம் கேட்டார்கள். கடந்துபோக மட்டும் அனுமதி. தங்கியிருந்தால் நம் பெண்களின் நிலை என்னவாகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

நிலா (வார்சா)

அருள்மொழி சொன்ன 1972 சட்டத்தைப் பற்றி ஒரு செய்தி. எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறும் கிழக்கு ஜெர்மனி நாடாளுமன்றத்தில், சுவர் விழும்வரை எதிர்வாக்கு விழுந்த ஒரே சட்டம் அது. 14 எதிர், 8 பேர் வாக்களிக்கவில்லை.

நான் இருக்கும் போலந்தின் கதை இதற்குத் தலைகீழ். 1956 முதல் அனுமதி இருந்தது. சோசலிச ஆட்சி போய் மக்களாட்சி வந்தபின், 1993-இல் மூன்று காரணங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2020 அக்டோபர் 22 அன்று அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அதில் ஒன்றையும் நீக்கியது. அன்றிரவு முதல் வாரக்கணக்கில் தெருவில் நின்ற பெண்களோடு நானும் நின்றேன். "கம்யூனிசம் போனால் எல்லோருக்கும் உரிமை வரும்" என்று நம்பிய என் தோழியின் அம்மா, மகளுக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். போலந்துக்குத் தனி இழை தொடங்குகிறேன். இங்கே கிழக்கு ஜெர்மனியைத் தொடருங்கள்.

வானதி (பெர்லின்)

நிலா சொன்னது இங்கேயும் பொருந்தும். இணைப்பு ஒப்பந்தத்தில் மற்ற எல்லாவற்றையும் முடித்தவர்கள் கருக்கலைப்புச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அதனால் இணைந்த பிறகும் சில ஆண்டுகள் ஒரே நாட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. 1995-இல் ஒரு சமரசம் வந்தது. ஆலோசனை பெற்று, பன்னிரண்டு வாரத்துக்குள் செய்தால் தண்டனை இல்லை, ஆனால் சட்டவிரோதம். கிழக்குப் பெண்கள் கையிலிருந்த உரிமை பாதியாகத் திரும்பி வந்தது.

அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். சுவர் விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1989 டிசம்பர் 3 அன்று கிழக்கு பெர்லினின் ஃபோல்க்ஸ்பூனே நாடக அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடித் தனி அமைப்பு கண்டார்கள். "பெண்கள் இல்லாமல் அரசு அமைக்க முடியாது" என்பது அவர்களுடைய முழக்கம். அரசும் எதிர்ப்புக் குழுக்களும் நடத்திய வட்டமேசைப் பேச்சில் இடமும் பெற்றார்கள். ஆனால் 1990 மார்ச் தேர்தலில் வென்றவர்களின் அவசரமெல்லாம் மேற்கோடு இணைவதில்தான்.

அதன்பின் ஆலைகள் மூடப்பட்டன. துணி, தோல், மின்னணுப் பாகங்கள் எல்லாம் பெண்கள் நிறைந்த தொழில்கள். தொண்ணூறுகளின் முற்பகுதியில் கிழக்கில் வேலையற்றோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டார்கள். 1994-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.77 பிள்ளை. போர் இல்லாத காலத்தில் இப்படி ஓர் எண்ணைக் காண்பது அரிது. நாளை சம்பளம் வருமா என்று தெரியாதவள் தொட்டில் வாங்கமாட்டாள்.

நான் மனம் கொதித்த விஷயம் இன்னொன்று. கிழக்கில் விவாகரத்து எளிது, கூடுதலாக மனுப் போட்டவர்களும் பெண்கள்தான். சொந்தச் சம்பளம் இருந்தது, காப்பகம் இருந்தது, பிடிக்காத வாழ்வைச் சகிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே ஓய்வூதியம் கடைசி இருபது ஆண்டுச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. பிள்ளை வளர்த்த ஆண்டுகளின் குறைந்த சம்பளம் அதனால் பாதிக்காது. மேற்கில் முறை வேறு. முழு வாழ்நாளும் கணக்கு, அதற்கு ஈடாக விவாகரத்தின்போது கணவனின் ஓய்வூதிய உரிமையில் பங்கு. 1992-இல் மேற்கின் கணக்கைக் கிழக்குக்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் அதற்கு முன் அங்கே விவாகரத்தான பெண்களுக்கு அந்தப் பங்கு கிடையாது என்றார்கள். பழைய பாதுகாப்பும் போனது, புதியதும் வரவில்லை.

முப்பது ஆண்டுகள் மனுவோடு அலைந்தார்கள். 2017-இல் ஐ.நா. மகளிர் குழு இது பாகுபாடு என்று சொன்ன பிறகும், 2023-இல் கிடைத்தது ஒருமுறைத் தொகையாக 2,500 யூரோ. அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஓய்வூதியம் அடிமட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும். நான் இங்கே ஓர் ஆலோசனை மையத்தில் தன்னார்வமாக அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு பாட்டி தன் தொழிற்சாலைச் சம்பளப் புத்தகங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். 1958 முதல் ஒரு மாதம் விடாமல் முத்திரை. அவருடைய ஓய்வூதியம் வரம்பைவிடப் பதினோரு யூரோ அதிகம் என்பதால் விண்ணப்பமே போட முடியவில்லை. டப்பாவை மூடி, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செல்வம் (கெம்னிட்ஸ்)

ஆண்கள் பக்கம் சிறிது. நான் வாகன உதிரிப்பாக ஆலையில் இருக்கிறேன். என் கூட்டாளிகளில் பலர் 1985-க்கு முன்பின் பிறந்தவர்கள். அவர்களோடு படித்த பெண்களில் பெரும்பகுதி பள்ளி முடிந்ததும் மியூனிக், ஹாம்பர்க் என்று போய்விட்டார்களாம். நன்றாகப் படித்தார்கள், வேலை தேடிப் போகப் பயப்படவில்லை. வேலைக்குப் போகும் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்புதானே. சிறு ஊர்களில் இளைஞர்கள் தனியாக மிஞ்சினார்கள். அவர்களில் சிலருடைய கசப்பு இன்று அரசியலாகியிருக்கிறது. அதை நியாயப்படுத்தவில்லை, ஆனால் என் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் திங்கள்கிழமைதோறும் வார இறுதியில் யாரிடமும் பேசவில்லை என்று சொல்லும்போது மனம் கனக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். இங்கே பிள்ளையைக் காப்பகத்தில் விட வரும் அப்பாக்கள் ஏராளம். காய்ச்சல் என்றால் ஆண்களும் வேலையை விட்டு ஓடுகிறார்கள், மேலாளர் முகம் சுளிப்பதில்லை. ஆண் பெண் சம்பள வித்தியாசமும் கிழக்கில் 7 விழுக்காடு, மேற்கில் 19 என்று 2023 புள்ளிவிவரம் சொல்கிறது. ஆண்களின் சம்பளமே இங்கே குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம், மறைக்கக்கூடாது.

கதிரவன் (ஸ்டுட்கார்ட்)

மதுரா அக்கா எழுதியதை மூன்று முறை படித்தேன். அந்த அப்பாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பது உண்மை. மூன்று ஆண்டு வீட்டில் இருப்பது என் மனைவியின் முடிவு என்று எழுதினேன். நேற்று அவரிடமே கேட்டேன். "நீங்கள் இருக்கிறேன் என்று ஒருமுறையாவது சொல்லியிருந்தால் அது முடிவாகியிருக்கும்" என்றார். எங்கள் பகுதியில் அப்போது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக இடமும் கிடையாது. ஒரு வயது முதல் இடம் பெறும் சட்ட உரிமை 2013-இல்தான் வந்தது. கிழக்கில் பல ஆண்டுகளாக இருந்ததை மேற்கு அப்போதுதான் எடுத்துக்கொண்டது.

அரசு பிள்ளைகளை ஆலையின் வசதிக்கேற்ப வளர்க்கக்கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. மற்றதை யோசிக்கிறேன்.

மதுரா (லைப்சிக்)

கதிரவன், உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சுந்தரம் ஐயா, கேட்டுவிட்டேன். இன்று காலை அந்த அம்மாவுக்குத் தலைவாரும்போது கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தன் மேசை இழுப்பறையிலிருந்து பிரிகேட் நாட்குறிப்பை எடுக்கச் சொன்னார். ஆலையில் ஒவ்வொரு குழுவும் எழுதிவந்த தடித்த புத்தகம் அது. ஆலை மூடிய நாளில் குப்பையில் கிடந்ததை இவர் எடுத்துவந்திருக்கிறார். உள்ளே புகைப்படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், சுற்றுலாப் பயணச்சீட்டுகள். பன்னிரண்டு பெண்கள் நூற்கதிர்களுக்கு நடுவே தலையில் துணி கட்டி நிற்கிறார்கள். ஒவ்வொரு முகத்திலும் விரல் வைத்துப் பெயர் சொன்னார். "1991-இல் எனக்கு ஐம்பது. இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அன்றே தெரியும். சம்பளம் போனதைவிட இவர்கள் போனதுதான்" என்று நிறுத்திவிட்டார்.

பிறகு உங்கள் கேள்விக்கு வந்தார். மாதத்தில் அந்த ஒருநாள் காலை ஐந்தரைக்குத் தொடங்குவாராம். திரைச்சீலைகளை ஊறவைத்து, ஏழு சன்னல்களையும் துடைத்து, கரி அடுப்பின் சாம்பலை அள்ளி, ரொட்டிக்கும் இறைச்சிக்கும் வரிசையில் நின்று திரும்புவார். கணவர் நான்கு மணிக்கு வருவார். நல்ல மனிதர், குடிக்கமாட்டார், கை வைத்தால் எதுவும் சரியாகிவிடும் தச்சர். "எனக்குச் சன்னல் உயரம் எட்டவில்லை என்று ஒரு முக்காலி செய்து கொடுத்தார். நான் விழக்கூடாது என்று அடியில் ரப்பர் வைத்தார். நீலச் சாயம் நான் கேட்டது."

அவர் அதில் ஏறித் துடைத்ததுண்டா என்று கேட்டேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு முக்காலி தேவைப்படாது. உயரமான ஆள்" என்றார்.

முக்காலி இப்போதும் அவருடைய அறையில் சன்னலோரம் இருக்கிறது, மேலே ஒரு பூந்தொட்டி. ஞாயிறு அந்த மூத்த மகள் வருவார். நாட்குறிப்பின் பக்கங்களைப் படமெடுத்துத் தரும்படி மகளிடம் கேட்கலாம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். அவர் சம்மதித்தால், பெயர்களை மறைத்துவிட்டு அதில் எழுதியிருப்பதை இங்கே மொழிபெயர்க்கிறேன்.